கட்சிகளுக்கு வெளியே இருந்து வருபவர் அமெரிக்க அதிபர் தேர்தலில் மூன்றாம் வேட்பாளராக நிற்கலாமா?

வடகரையான்:

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கும் ஒவ்வொரு முறையும், இரண்டு பெரிய கட்சிகளிலும் வேர்விடாத, ஆனால் மக்களிடம் செல்வாக்குள்ள யாராவது ஒருவரின் பெயர் அடிபடத் தொடங்குகிறது. அவர் மூன்றாம் கட்சி ஒன்றின் சார்பிலோ சுயேச்சையாகவோ களமிறங்கினால் நாட்டுக்கு விடிவு பிறக்கும் என்று பலர் மனதார நம்புகிறார்கள். 2028 தேர்தலை ஒட்டியும் இந்தப் பேச்சு எழும் என்பதால், என் கருத்தை இப்போதே முன்வைக்கிறேன். இன்றைய விதிகள் நீடிக்கும் வரை அப்படிப்பட்டவர் மூன்றாம் வேட்பாளராக நிற்கக் கூடாது. பெரிய கட்சி ஒன்று தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதல்நிலைத் தேர்தலில் நுழைந்து, உள்ளே இருந்துதான் போராட வேண்டும்.

காரணத்தை இரண்டு தேர்தல்களை வைத்துச் சொல்கிறேன். 1992-இல் டெக்சாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ 18.9 சதவீத வாக்குகளைப் பெற்றார், ஏறத்தாழ 1.97 கோடிப் பேர் அவருக்கு வாக்களித்தனர். ஆனால் அதிபரை இறுதியாகத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியான தேர்வாளர்கள்; அவர்களுடைய வாக்கு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1968-இல் மூன்றாம் வேட்பாளராக நின்ற ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவீதம்தான் பெற்றார். ஆனால் ஐந்து தென்மாநிலங்களை வென்றார். 46 தேர்வாளர் வாக்குகள் அவர் கணக்கில் சேர்ந்தன. 48 மாநிலங்களில் முதலிடம் பெறுபவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுகிறார்கள் என்பதால், நாடு முழுவதும் பரவலாக ஆதரவு பெற்ற பெரோவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கிவைக்கும் கொள்கையைச் சொல்லி ஒரே வட்டாரத்தில் வாக்குகளைக் குவித்த வாலஸுக்குப் பலன் கிடைத்தது. நாட்டு மக்கள் அனைவரிடமும் பேச விரும்பும் நல்ல வேட்பாளரைத் தண்டித்து, வட்டாரப் பகையைத் தூண்டுபவருக்கு வெகுமதி தரும் முறை இது. இதில் நல்லவர்களை இறக்கிவிட்டு அவர்கள் தோற்பதைப் பார்த்து நாம் வருந்துவதில் பயனில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டொனால்ட் டிரம்ப் முதலில் முயன்றது பெரோ தொடங்கிய சீர்திருத்தக் கட்சியின் வழியாகத்தான். 1999 இறுதியில் அதற்கான ஆயத்தங்களைச் செய்து, 2000 பிப்ரவரியில் விலகிக்கொண்டார். 2015-இல் குடியரசுக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் நுழைந்தார், அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் வென்றார். அவருடைய அரசியலை நான் ஏற்கவில்லை. ஆயினும் எந்த வாசல் திறக்கும், எது திறக்காது என்பதற்கு ஒரே மனிதர் இரண்டையும் தட்டிப் பார்த்த இந்த வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

செங்காந்தள்:

வடகரையான் ஐயா, தேர்வாளர் கணக்கு நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஆனால் வெள்ளை மாளிகைக்குள் நுழைவதை மட்டுமே வெற்றி என்று கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

1892-இல் மக்கள் கட்சி என்ற பெயரில் விவசாயிகள் திரண்டு ஜேம்ஸ் வீவரை நிறுத்தினார்கள். 8.5 சதவீத வாக்கும் 22 தேர்வாளர் வாக்குகளும் பெற்றுத் தோற்றார்கள். அன்று அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளைப் பாருங்கள்: வருமானத்துக்கேற்ப உயரும் வருமான வரி, செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பெரிய கட்சிகள் அன்று அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1913-இல் கூட்டாட்சி வருமான வரிக்கும் செனட் நேரடித் தேர்தலுக்கும் வழிவகுத்த இரு திருத்தங்களும் அரசியலமைப்பில் இடம்பெற்றுவிட்டன. தோற்றவர்களின் கோரிக்கை நாட்டின் அடிப்படைச் சட்டமானதை வீண் முயற்சி என்று எப்படிச் சொல்வது?

பெரோவையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 1992-இல் தன் சொந்தப் பணத்தில் தொலைக்காட்சியில் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கி, மேசை முன் அமர்ந்து, கையில் ஒரு குச்சியுடன், வரைபட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அரசு எவ்வளவு கடன் வாங்குகிறது, அந்தக் கடனை யார் தலையில் சுமத்துகிறது என்று விளக்கினார். வரவு செலவுக் கணக்கைக் கேட்பதற்காக லட்சக்கணக்கான குடும்பங்கள் உட்கார்ந்து பார்த்த காலம் அது. அதே மாதத்தில் புஷ், கிளின்டன் இருவருடனும் மூன்று விவாத மேடைகளில் சமமாக நின்றார். அவர் அந்த மேடைகளில் இல்லாதிருந்தால் வரவு செலவுப் பற்றாக்குறை அந்தத் தேர்தலின் மையப் பேச்சாக ஆகியிருக்காது என்பதே என் உறுதியான கருத்து. 1998-இல் அமெரிக்க அரசின் கணக்கில் உபரி தோன்றியதற்குப் பொருளாதார வளர்ச்சி உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அதை ஓர் அரசியல் கடமையாக்கியதில் பெரோவுக்கு வாக்களித்த அந்த 1.97 கோடிப் பேருக்கும் பங்கு உண்டு.

கட்சிக்குள் நுழைந்து போராடச் சொல்கிறீர்கள். மக்கள் கட்சிக்காரர்கள் 1896-இல் அதைத்தான் செய்தார்கள். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரான பிரையனையே தங்கள் வேட்பாளராகவும் ஏற்றார்கள். பிரையன் தோற்றார், அவர்களுடைய கட்சியும் மீண்டும் தலைதூக்கவில்லை. தனித்து நின்றபோது இருந்த பேரம் பேசும் வலிமை, உள்ளே போன மறுநாளே கரைந்துவிடுகிறது.

நீலக்குறிப்பு:

மூன்றாம் வேட்பாளர் என்றதும் 2000-ஆம் ஆண்டின் ஃபுளோரிடாவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள் என்பதால் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1992-இல் நின்ற புஷ்ஷின் மகன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அங்கே 537 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு 97,488 வாக்குகள் கிடைத்தன. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ஈராக் போர் வரை எல்லாப் பழியையும் நேடர் மீது போடுகிறார்கள். அதே ஃபுளோரிடாவில் சோஷலிசத் தொழிலாளர் கட்சியின் வேட்பாளருக்கு 562 வாக்குகள் விழுந்தன. அதுவும் 537-ஐவிட அதிகம்தான், ஆனால் அவரை யாரும் திட்டுவதில்லை. பாம் பீச் மாவட்டத்தின் குழப்பமான வாக்குச்சீட்டு, நிறுத்தப்பட்ட மறு எண்ணிக்கை, சொந்த மாநிலமான டென்னசியிலேயே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் தோற்றது என இத்தனை காரணங்கள் இருக்க, தன் மனச்சான்றுப்படி வாக்களித்த ஒரு குடிமகனைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

வடகரையான்:

நண்பர் நீலக்குறிப்பு அவர்களே, வாக்காளரை நான் குற்றம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் கேள்வி வேட்பாளரிடம்தான். நேடர் அந்தத் தேர்தலில் 5 சதவீதத்தை இலக்காக வைத்தார். அதை எட்டியிருந்தால் பசுமைக் கட்சிக்கு அடுத்த தேர்தலில் அரசின் பொது நிதி கிடைத்திருக்கும், நல்ல திட்டம்தான். ஆனால் 5 சதவீதம் நாடு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், முடிவு முன்பே தெரிந்த நியூயார்க், கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களிலேயே உழைத்து அந்த வாக்குகளைத் திரட்டியிருக்கலாம். கடைசி வாரங்களில் ஃபுளோரிடாவிலும் பென்சில்வேனியாவிலும் வாக்குக் கேட்க வேண்டிய தேவை என்ன? முடிவில் கிடைத்தது 2.7 சதவீதம். இலக்கும் கைகூடவில்லை, ஒரு தலைமுறைக்கு மூன்றாம் கட்சி என்ற எண்ணத்தின் மீதே வெறுப்பும் படிந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் வித்தியாசம் 7,211. நேடர் பெற்றது 22,198. அங்கே மறு எண்ணிக்கையும் இல்லை, குழப்பமான வாக்குச்சீட்டும் இல்லை.

மணல்மேட்டுக்காரன்:

நான் டெக்சாஸில் வசிக்கிறேன். 2024-இல் சுயேச்சை வேட்பாளர் ஒருவரை வாக்குச்சீட்டில் இடம்பெறச் செய்வதற்காகக் கையெழுத்துத் திரட்டும் பணியில் சில வார இறுதிகள் ஈடுபட்டேன். நிற்கலாமா கூடாதா என்று விவாதிப்பதற்கு முன், நிற்பதற்கே எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முந்தைய அதிபர் தேர்தலில் டெக்சாஸில் பதிவான மொத்த வாக்குகளில் ஒரு சதவீத அளவுக்குக் கையெழுத்து வேண்டும். 2024-க்கு அந்த எண் 1,13,151. முதல்நிலைத் தேர்தல் முடிந்த மறுநாள்தான் திரட்டத் தொடங்கலாம், மே 13-க்குள் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த ஆண்டு எந்தக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலாவது வாக்களித்தவர் கையெழுத்திடக் கூடாது. அரசியலில் அக்கறையுள்ளவர்கள் அனைவரும் மார்ச் 5 அன்றே வாக்களித்துவிட்டிருப்பார்கள். ஆகவே, அக்கறை இல்லாதவர்களிடம் போய் அக்கறையோடு கையெழுத்துக் கேட்க வேண்டும்.

பரீட்சை அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு கடை வாசலில் நின்றோம். ஒருவர் நின்று பேசச் சம்மதித்தாலும் உடனே பேனாவை நீட்டிவிட முடியாது. கையெழுத்திடுபவர் எதை உறுதிசெய்கிறார் என்று படிவத்தில் அச்சிட்டிருப்பதை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதற்குள் குழந்தை அழும், வண்டியில் ஐஸ்கிரீம் உருகும். பிறகு பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி அல்லது வாக்காளர் எண், மாவட்டம், தேதி எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் விட்டுப்போனால் அந்த வரியே செல்லாததாகிவிடலாம். இந்திய மளிகைக் கடை வாசலில் நம்மவர்கள் அன்போடு நின்று கேட்டார்கள். ஆனால் பலரிடம் பச்சை அட்டைதான் இருந்தது, குடியுரிமை இல்லை. இது ஒரு மாநிலத்தின் கதைதான். மற்ற மாநிலங்களுக்கு வேறு எண், வேறு படிவம், வேறு கெடு. இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஆகவே செங்காந்தள் அம்மா சொல்லும் பெரோவின் சாதனையைப் பாராட்டும்போது, அவர் பெரும் செல்வந்தர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1992 பிப்ரவரியில் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், மக்களே தன்னை 50 மாநிலங்களின் வாக்குச்சீட்டிலும் ஏற்றினால் நிற்கிறேன் என்று அறிவித்தார். தன்னார்வலர்கள் ஏற்றியும் காட்டினார்கள். ஆனால் அந்தப் பணிக்குப் பின்னால் செலவழிக்கத் தயங்காத ஒரு கை இருந்தது. அத்தகைய செல்வம் இல்லாத, நேர்மையான ஓர் ஆளுநரோ மேயரோ இதே வழியில் வர முடியுமா என்பதுதான் என் கவலை.

செங்காந்தள்:

மணல்மேட்டுக்காரன் அவர்களே, உங்கள் உழைப்புக்கு வணக்கம். நீங்கள் சொன்ன தடைகளோடு விவாத மேடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996-இல் பெரோவை விவாதத்துக்கு அழைக்கவில்லை, 8.4 சதவீதத்துக்கு இறங்கினார். 2000-லிருந்து கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் இருந்தால்தான் மேடை என்று விதி வைத்தார்கள். 1992-இல் பெரோ அக்டோபர் 1 அன்று மீண்டும் களத்துக்குத் திரும்பியபோது அவருக்கு 15 சதவீத ஆதரவு இல்லை. மேடையில் பேசிய பிறகே 19-ஐ நெருங்கினார். மக்கள் கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே மக்களின் ஆதரவைக் காட்டு என்று கேட்கும் விதி இது. 1992-க்குப் பிறகு பொதுத்தேர்தல் அதிபர் விவாதத்தில் இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களோடு மூன்றாமவர் ஒருவர் நின்றதே இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

புதுவாசகன்:

ஒரு சந்தேகம். மூன்றாமவர் வலுவாகச் சில மாநிலங்களை வென்று, பெரும்பான்மைக்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகள் யாருக்கும் கிடைக்காமல் போனால், மறு தேர்தல் நடக்குமா?

நீலக்குறிப்பு:

நடக்காது, தம்பி. அரசியலமைப்பின் 12-ஆம் திருத்தத்தின்படி, முதல் மூன்று இடங்களில் உள்ளவர்களிலிருந்து பிரதிநிதிகள் அவை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். அங்கே உறுப்பினருக்கு ஒரு வாக்கு இல்லை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 52 உறுப்பினர்களை அனுப்பும் கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே உறுப்பினரை அனுப்பும் வயோமிங்குக்கும் ஒன்று. 26 மாநிலங்களைப் பெறுபவர் அதிபர். கடைசியாக இது 1824 தேர்தலுக்குப் பிறகு நடந்தது. தேர்வாளர் வாக்கில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84 என்றிருந்தும், அவையில் 24 மாநிலங்களில் 13-ஐப் பெற்று ஆடம்ஸ் அதிபரானார். இரு கட்சிகளின் உறுப்பினர்களே நிறைந்த அவை வெளியாள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அந்த வகையில் வடகரையான் ஐயாவின் வாதத்துக்கு இது மேலும் வலுச் சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பனிக்கரை:

மெயின் மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். 1992-இல் பெரோ இரண்டாம் இடம் பெற்ற இரண்டு மாநிலங்களில் எங்களுடையது ஒன்று. இங்கே கோடை வீடு வைத்திருந்த அன்றைய அதிபர் புஷ்ஷையே மிகச் சிறிய வித்தியாசத்தில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். சுயேச்சைகளுக்கு இங்கே மதிப்பு உண்டு. அங்கஸ் கிங் சுயேச்சையாகவே ஆளுநரானார், செனட்டுக்கும் போனார். ஆனால் 2010 ஆளுநர் தேர்தலில் பால் லபேஜ் 38 சதவீதத்துக்கும் குறைவான வாக்கோடு, சுயேச்சையான எலியட் கட்லரை நெருக்கமாகத் தோற்கடித்து வென்றது பலரையும் சிந்திக்க வைத்தது. 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் விருப்ப வரிசை முறையை ஏற்றோம். 2020 முதல் அதிபர் தேர்தலுக்கும் அதுவே.

வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்றால், இடப்பக்கம் வேட்பாளர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று நீள்வட்டங்கள் வரிசையாக இருக்கும். நான் மூன்றாம் கட்சிக்காரரை முதல் வரிசையிலும், ஏற்கத்தக்க பெரிய கட்சிக்காரரை இரண்டாம் வரிசையிலும் நிரப்பினேன். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் வாக்குச்சீட்டுகளின் விவரங்களை மாநிலத் தலைநகரான அகஸ்டாவில் ஒன்றுசேர்த்து, கடைசியில் உள்ளவர்களைக் கழித்துக்கொண்டே எண்ணுவார்கள். 2018 நாடாளுமன்றத் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் புரூஸ் பொலிக்வின் முன்னிலையில் இருந்தார். இரண்டு சுயேச்சைகளின் வாக்குகளைப் பகிர்ந்த பிறகு ஜேரட் கோல்டன் வென்றார். வாக்குச் சாவடியில் அந்த நீள்வட்டங்களை நிரப்பும்போது, யாருக்குப் பயந்தும் வாக்களிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியை நான் அனுபவித்தேன். இந்த முறை எல்லா மாநிலங்களிலும் வந்தால் இந்த விவாதத்தில் பாதிக்கு வேலையே இராது. ஆனால் 2024-இல் கொலராடோ, நெவாடா, ஆரிகன், ஐடஹோ ஆகிய நான்கிலும் மக்கள் இதை நிராகரித்தார்கள். அலாஸ்கா நூலிழையில் தக்கவைத்துக்கொண்டது.

யாழ்மேடை:

பனிக்கரை அவர்கள் சொல்வதோடு இலங்கை அனுபவத்தையும் சேர்க்கலாம். அங்கே ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பம் குறிக்கும் உரிமை தொடக்கத்திலிருந்தே உண்டு. முதல் எட்டுத் தேர்தல்களிலும் அது தேவைப்படவில்லை. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்தோடு முன்னிலை பெற்றபோதுதான் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். மூன்றாமிடத்தில் ரணில் விக்கிரமசிங்க சுயேச்சையாக நின்றிருந்தார். தமிழ்ப் பொது வேட்பாளரும் களத்தில் இருந்தார். இருந்தும், கழிக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் மிகச் சிறு பகுதியே முதல் இருவருக்கு விருப்ப வாக்காகப் போய்ச் சேர்ந்தது; பெரும்பாலானவர்கள் ஒருவருக்கு மட்டுமே குறியிட்டிருந்தார்கள். விதியை மாற்றினால் மட்டும் போதாது. இரண்டாவது விருப்பத்தைக் குறியுங்கள் என்று மூன்றாம் வேட்பாளரே மேடைதோறும் சொல்ல வேண்டும்.

வடகரையான்:

மணல்மேட்டுக்காரனின் பதிவைப் படித்த பிறகு என் எதிர்ப்பு இன்னும் உறுதியாகிறது. காரணம் கணக்கு மட்டுமல்ல. கையெழுத்துத் திரட்டியவர்களை வேட்பாளர்கள் நடத்திய விதமும்தான். பெரோ 1992 ஜூலை 16 அன்று திடீரென்று விலகினார். அதுவரை வெயிலில் நின்ற தன்னார்வலர்கள் திகைத்துப்போனார்கள். ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் 2023 அக்டோபரில் ஜனநாயகக் கட்சியை விட்டு வெளியேறிச் சுயேச்சையானார். மாநிலம் மாநிலமாக வழக்காடி வாக்குச்சீட்டில் ஏறினார். 2024 ஆகஸ்ட் 23 அன்று பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு டிரம்பை ஆதரித்தார். பிறகு மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் பெயரை நீக்கக் கேட்டும் நீக்கப்படவில்லை. இரு கட்சிகளும் வேண்டாம் என்று நம்பிக் கையெழுத்திட்டவர்களின் கையெழுத்து, கடைசியில் ஒரு கட்சியோடு பேரம் பேசப் பயன்பட்டது.

இதற்கு எதிராக வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸைப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் சுயேச்சையாக வென்றவர், 2015-இல் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் நுழைந்தார். 2016-இல் ஏறத்தாழ 1.3 கோடி வாக்குகள் பெற்றார். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் தன் இடத்தையே தர முன்வந்தும் போகவில்லை. மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் அந்த ஆண்டே ஜனநாயகக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் ஏறியது. கட்சிப் பெரியவர்களான சிறப்புப் பிரதிநிதிகள், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டின் முதல் சுற்றில் வாக்களிக்கும் உரிமையை 2018-இல் இழந்தார்கள். உள்ளே போனவர் கரைந்துவிடவில்லை, அம்மா. கட்சியின் விதியையே மாற்றினார்.

2028-இல் நிற்க விரும்பும் வெளியாள் யாராக இருந்தாலும், இரண்டு வழிகளையும் முயன்று பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். டெக்சாஸில் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் போட்டியிட்டவர் அதே ஆண்டு சுயேச்சையாக வாக்குச்சீட்டில் வர முடியாது; அந்த முதல்நிலைத் தேர்தலுக்கான மனுத்தாக்கல் முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடும். ஆகவே 2027 டிசம்பருக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சுயேச்சை என்று முடிவெடுத்தால், எந்தச் சூழலில் விலகுவேன், விலகினால் யாரையும் ஆதரிப்பேனா மாட்டேனா என்பதையும் முதல் கையெழுத்துக் கேட்பதற்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

செங்காந்தள்:

முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் முதல்நிலைத் தேர்தல் ஒன்றே வழி என்பதை இன்னும் ஏற்கவில்லை. நியூயார்க்கில் ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம். எந்தக் கட்சியின் வரிசையில் எத்தனை வாக்கு விழுந்தது என்று தனித்தனியாக எண்ணுவார்கள். 2020-இல் பைடனுக்கு உழைக்கும் குடும்பங்கள் கட்சியின் வரிசையில் மட்டும் 3.8 லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. யாருடைய வெற்றியையும் கெடுக்காமல், இத்தனை பேர் எங்கள் கோரிக்கைக்காக வாக்களித்தோம் என்று எண்ணிக்கையோடு காட்டும் வழி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாநிலங்களில் இருந்த இந்த உரிமையைப் பின்னர் பெரிய கட்சிகள் சட்டமியற்றிப் பறித்தன. மினசோட்டாவின் தடையை எதிர்த்து ஒரு சிறு கட்சி தொடுத்த வழக்கில், அத்தகைய தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றக் கதவு அடைபட்டிருப்பதால் மாநிலச் சட்டமன்றங்களில்தான் கேட்க வேண்டும். மணல்மேட்டுக்காரன் அவர்களே, அடுத்த முறை பரீட்சை அட்டையோடு கடை வாசலில் நிற்பதென்றால் இந்தக் கோரிக்கைக்காக நிற்போம். நான் வசிக்கும் மாநிலத்தில் அதற்கான மனுவை எழுதும் வேலையை நான் ஏற்கிறேன்.